அம்மாவுக்கு டயாலிசிஸ், எனக்கு ராஜினாமா கடிதமா?

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு 41 வயது. வீடு பட்டர்வொர்த்தில். பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் 14 வருடமாக டெக்னீஷியன், சம்பளம் 3,600 ரிங்கிட். போன வருடக் கடைசியில் அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டது. திங்கள், புதன், வெள்ளி காலை 7 மணிக்கு டயாலிசிஸ். மனைவி வேலைக்குப் போகிற வழியில் கொண்டுபோய் விட்டுவிடுவார், 11 மணிக்கு முடிந்ததும் நான்தான் கூட்டி வர வேண்டும். எனக்கு மூன்று ஷிஃப்ட்டும் மாறி மாறி வரும். காலை ஷிஃப்ட் வாரத்தில் வழியே இல்லை. நிரந்தரமாக மதியம் 3 மணி ஷிஃப்ட் கொடுங்கள் என்று கேட்டேன். "வீட்டில் பெண்கள் யாரும் இல்லையா?" என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் கேட்டார். எங்கள் லைனில் கைக்குழந்தையோடு இருக்கும் ஒரு பெண்ணுக்குப் போன வருடம் நிரந்தரக் காலை ஷிஃப்ட் கொடுத்தார்கள். எனக்கு வர வேண்டிய லைன் லீடர் பதவி என்னைவிட ஆறு வருடம் ஜூனியருக்குப் போய்விட்டது. வேறு வழியில்லாமல் இரண்டு தடவை எனக்கு உடம்பு சரியில்லை என்று எம்.சி. (டாக்டர் சான்றிதழோடு எடுக்கும் மருத்துவ விடுப்பு) எடுத்தேன். இப்போது எச்.ஆர். கூப்பிட்டு, இரண்டு மாதச் சம்பளம் தருகிறோம், நீங்களாகவே எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்கிறார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போடட்டுமா?

பதில்:

தம்பி, போடாதீர்கள்.

மீதியை நிதானமாகப் படிக்கலாம், இதை மட்டும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை அந்த அறைக்குள் போனதும் மேஜையில் டைப் செய்த தாள் ஒன்று இருக்கும், பக்கத்தில் ஒரு பேனா இருக்கும். "ஒன்றும் அவசரமில்லை, ஆனால் இன்றைக்கே முடித்துவிட்டால் உங்களுக்குத்தான் நல்லது" என்று மெதுவான குரலில் சொல்வார்கள். நான் இருபது வருடம் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள், அந்த மாதிரித் தாள்களை நானே தயார் செய்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். "ஒரு நகல் கொடுங்கள், வீட்டில் படித்துப் பார்த்துவிட்டு எழுத்தில் பதில் தருகிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். நகல் தர மறுத்தால், மறுத்தார்கள் என்பதையும் நேரத்தோடு குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டு மாதச் சம்பளம் என்பது என்ன என்று பார்ப்போம். ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்த ஒருவரை நிறுத்த வேண்டுமானால், ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம் எதுவும் எழுதவில்லை என்றால், 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி குறைந்தது 8 வார நோட்டீஸ் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அதற்குரிய சம்பளத்தைக் கொடுக்க வேண்டும். அதாவது அவர்கள் நீட்டுகிற தொகை ஏறக்குறைய வெறும் நோட்டீஸ் காசு. உங்கள் மேல் ஒழுங்கீனம் எதுவும் இல்லாமல் கம்பெனியே உங்களை நிறுத்தினால் இதோடு முடியாது. 1980ஆம் ஆண்டு விதிமுறைப்படி ஐந்து வருடத்துக்கு மேல் சேவை உள்ளவருக்கு வருடத்துக்கு 20 நாள் சம்பளம் இழப்பீடு. 14 வருடத்துக்குக் கணக்குப் போடுங்கள், 280 நாள், ஒன்பது மாதச் சம்பளத்துக்கும் கொஞ்சம் மேலே. மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குகிறவர்களுக்கு இந்த இழப்பீட்டைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை, நீங்கள் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறீர்கள். ஆனால் "நானாகவே விலகுகிறேன்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டால் இந்த 280 நாளும் போச்சு. நீங்களாகவே எழுதிக் கொடுங்கள் என்று அவர்கள் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறார்கள் என்பது இப்போது புரிந்திருக்கும்.

சரி, அடுத்தது. சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறதா என்றால், பாதிதான் இருக்கிறது. அதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

தீபகற்ப மலேசியாவில் தனியார் கம்பெனி வேலைக்காரருக்கு, நோயாளியான தாய் தகப்பனைப் பார்த்துக்கொள்வதற்கென்று சட்டத்தில் தனி விடுப்பு கிடையாது. எம்.சி. உங்கள் உடம்புக்கு மட்டும். ஆண்டு விடுப்பு, ஐந்து வருடம் தாண்டியவருக்குக் குறைந்தது 16 நாள். அம்மாவுக்கு வாரம் மூன்று தடவை என்றால் வருடத்துக்கு 156 தடவை. 16ஐ வைத்துக்கொண்டு 156ஐ எந்த மகனாலும் சமாளிக்க முடியாது, எனவே நீங்கள் லீவு லீவு என்று அலைவதாக அவர்கள் சொல்வதைக் கேட்டுக் குற்ற உணர்ச்சிப்பட வேண்டாம். குடும்பப் பொறுப்பு உள்ள தொழிலாளர்களைப் பாகுபாடு இல்லாமல் நடத்த வேண்டும் என்று அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 1981லேயே 156ஆம் எண் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது, நம் நாடு அதில் இன்னும் சேரவில்லை. 2001இல் அரசியலமைப்பின் 8ஆம் பிரிவில் பாலினத்தின் பேரால் பாகுபாடு கூடாது என்று சேர்த்தார்கள், ஆனால் அது அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துமே தவிர தனியார் முதலாளியை நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்பதுதான் 2005இல் ஒரு விமானப் பணிப்பெண்ணின் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் எடுத்த நிலை. கர்ப்பமானதற்காக வேலை போன பெண் அவர்.

மீதிப் பாதி 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து நடப்புக்கு வந்தது. வேலைச் சட்டத்தைத் திருத்தியபோது உங்களுக்குப் பயன்படக்கூடிய இரண்டு விஷயங்களை உள்ளே வைத்தார்கள். ஒன்று 69எஃப் பிரிவு: வேலையில் பாகுபாடு காட்டப்பட்டது என்ற தகராறைத் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவு போடலாம், அந்த உத்தரவுக்குக் கீழ்ப்படியாத முதலாளிக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம். எது எது பாகுபாடு என்று சட்டம் பட்டியல் போடவில்லை, 'பராமரிப்பாளர்' என்ற சொல்லும் அதில் இல்லை. இன்னொன்று 60பி, 60கியூ பிரிவுகள், அதாவது வேலை நேரத்தையோ வேலை நாளையோ வேலை இடத்தையோ மாற்றிக் கேட்கிற உரிமை. பேப்பரிலும் வாட்சப்பிலும் இதை எஃப்.டபிள்யூ.ஏ. (நெகிழ்வான வேலை ஏற்பாடு) என்று பார்த்திருப்பீர்கள், வீட்டிலிருந்து வேலை செய்யும் ஆபீஸ்காரர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்து விட்டுவிட்டிருப்பீர்கள். அப்படி இல்லை. நேரத்தை மாற்றுவதும் அதில் அடக்கம். லைனில் நிற்கிற டெக்னீஷியனும் கேட்கலாம்.

இதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுக்கிறேன் என்றால், நீங்கள் வாயால்தான் கேட்டிருக்கிறீர்கள். அவர்களும் வாயாலேயே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வாயால் கேட்டது இந்த நாட்டில் எந்த அலுவலகத்திலும் நிற்காது, தம்பி. எழுத்தில் விண்ணப்பம் கொடுத்தால் முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் என்ன காரணத்துக்காக மறுக்கிறோம் என்று எழுத வேண்டும். கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் காரணத்தை எழுத வைப்பதிலேயே பாதிப் பலன் இருக்கிறது. "வீட்டில் பெண்கள் இல்லையா" என்று எல்லார் முன்னாலும் கேட்க முடிந்தவரால் அதையே கம்பெனி லெட்டர்ஹெட்டில் எழுதிக் கையெழுத்துப் போட முடியாது. வேறு காரணம் தேடுவார், தேடும்போதே எச்.ஆரில் யாராவது ஒருவர் "போன வருடம் இன்னொருவருக்குக் கொடுத்தோமே" என்று கேட்டுவிடுவார்.

அந்தக் கேள்வியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கியது அதுதான். பெண்கள் பிள்ளைக்காக லீவு கேட்டால் "உனக்கு வேலையில் அக்கறை இல்லை" என்பார்கள், அதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். ஆண் அம்மாவுக்காகக் கேட்டால் "இது உன் வேலையே இல்லை" என்கிறார்கள். இரண்டும் ஒரே அழுக்கிலிருந்து வருவதுதான். நம் வீடுகளிலும் இது இருக்கிறது, மேனேஜரை மட்டும் சொல்லி என்ன செய்ய. கொள்ளி வைக்க மகன் வேண்டும் என்கிற நாம், உயிரோடு இருக்கிற தாயைத் தூக்கி உட்கார வைக்க மருமகளைத்தான் தேடுகிறோம். நாலு மணி நேரம் மெஷினில் ரத்தம் சுத்தமாகி, பிரஷர் இறங்கி, தலை சுற்றி, ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு வெளியே வருகிற அம்மாவுக்குக் கைகொடுக்க 11 மணிக்கு வாசலில் நிற்கிறீர்களே, அது யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டிய காரியமே இல்லை.

சட்டக் கண்ணோடு பார்த்தால் அந்தக் கேள்விக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. அதே லைனில், குடும்பப் பொறுப்புக்காக ஒரு பெண்ணுக்கு நிரந்தர ஷிஃப்ட் கிடைத்திருக்கிறது. அதே மாதிரிக் காரணத்துக்காக ஆண் கேட்டபோது மறுத்து, மறுக்கும்போதே வீட்டுப் பெண்களைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். பராமரிப்பாளர் என்ற சொல் சட்டத்தில் இல்லாமல் போகட்டும், நீங்கள் பாலினத்தைச் சொல்லிக் கேட்கலாம்: ஒரு பெண் கேட்டிருந்தால் இந்தப் பதில் வந்திருக்குமா? 69எஃப் பிரிவில் புகார் கொடுக்க வேண்டிய நிலை வந்தால் உங்கள் புகாரின் முதுகெலும்பு இதுதான். ஒன்றே ஒன்று, அந்தப் பெண்ணை எதிரியாக்கிவிடாதீர்கள். அவருக்குக் கொடுத்தது சரி. "அவருக்கு ஏன் கொடுத்தீர்கள்" என்று ஓரிடத்திலும் எழுதாதீர்கள், "இப்படி ஓர் ஏற்பாடு நம் லைனில் ஏற்கெனவே நல்லபடி நடக்கிறது" என்று எழுதுங்கள்.

லைன் லீடர் பதவி விஷயம் இவ்வளவு சுலபமில்லை. ஏன் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கு அவர்கள் நூறு காரணம் சொல்லலாம். ஆனால் இது எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும். பல வருடத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த தொழிற்சாலை ஒன்றில் வருட அப்ரைசல் கூட்டம், ஒரு பெண் ஆபரேட்டரின் ஃபாரம் கைமாறி என்னிடம் வந்தது. அவருடைய மகனுக்கு மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டும், தலசீமியா. அந்த வருடம் அவருடைய வேலையில் ஒரு குறையும் இல்லை, ரிஜெக்ட் எண்ணிக்கை லைனிலேயே அவருடையதுதான் குறைவு. 4 என்று பேனாவால் எழுதியிருந்த மார்க்கை யாரோ அடித்து 2 ஆக்கியிருந்தார்கள், ஓரத்தில் பென்சிலால் 'ஃபேமிலி ப்ராப்ளம்' என்று சின்ன எழுத்தில் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஃபாரத்தை ஃபைலில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன். ஆறு மாதத்தில் அவர் வேலையை விட்டுவிட்டார், "சொந்தக் காரணம்" என்று ராஜினாமாவில் எழுதியிருந்தது. அந்தப் பென்சில் எழுத்து இன்றைக்கும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. இந்த வேலைக்கு நான் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகவே உங்கள் பழைய அப்ரைசல்கள் எல்லாவற்றையும் தேடி எடுத்து வையுங்கள். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போவதற்கு முந்தின மூன்று நாலு வருட மார்க், அதற்கு அப்புறம் வந்த மார்க், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கதை தானாகத் தெரியும். நல்ல வேலைக்காகக் கொடுத்த சான்றிதழ், போனஸ் கடிதம், ஓ.டி. செய்த பதிவு எல்லாம் வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகமும் வாங்குங்கள். யார், எந்தத் தேதி, எத்தனை மணி, எங்கே நின்று, என்ன சொன்னார், கூட யார் இருந்தார்கள். மேனேஜர் மலாயில் சொல்லியிருந்தால் மலாயிலேயே, அவர் சொன்ன அதே வார்த்தையில் எழுதுங்கள். தமிழில் மாற்றி எழுதினால் பிறகு விசாரணையில் அது உங்கள் வார்த்தையாகிவிடும், அவருடையதாக இருக்காது.

இனி அந்த எம்.சி. விஷயம். இதில் உங்களைத் திட்டத்தான் போகிறேன். இன்றோடு நிறுத்துங்கள். உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும், ஆனால் உடம்பு நன்றாக இருக்கும்போது எடுத்த எம்.சி. என்பது ஒழுங்கீனம், நேர்மைக்குறைவு என்று அவர்கள் பிடித்துக்கொண்டால் நான் மேலே சொன்ன 280 நாளும் சேர்ந்து போகும், 14 வருடப் பேரும் போகும். அதே மாதிரி சொல்லாமல் கொள்ளாமல் வராமல் இருப்பதும் கூடாது. அனுமதியோ நியாயமான காரணமோ தகவலோ இல்லாமல் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராவிட்டால் ஒப்பந்தத்தை மீறியதாகச் சட்டமே எடுத்துக்கொள்ளும். அம்மாவுக்குத் திடீரென்று முடியாமல் போனால் அந்த நிமிடமே வாட்சப்பில் தகவல் அனுப்புங்கள், சம்பளமில்லா விடுப்பு என்று எழுத்தில் கேளுங்கள், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

விண்ணப்பத்துக்கு வருவோம். உருக்கமாக எழுத வேண்டாம். அம்மா என்னைக் கஷ்டப்பட்டு வளர்த்தார் என்பதெல்லாம் உண்மைதான், ஆனால் அது எச்.ஆர். ஃபைலில் ஒரு காரியமும் செய்யாது. டயாலிசிஸ் சென்டரில் கேட்டு நோயாளியின் பெயர், வார நாள்கள், தொடங்கும் முடியும் நேரம், துணைக்கு ஆள் வேண்டும் என்பது எல்லாம் போட்டு ஒரு கடிதம் வாங்குங்கள். அதை இணைத்து, எனக்கு வேண்டியது 3 மணி முதல் 11 மணி வரையிலான ஷிஃப்ட், மொத்த வேலை மணி குறையாது, சம்பளத்தில் மாற்றம் கேட்கவில்லை என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம் அவர்களுடைய பிரச்சினையை நீங்களே தீர்த்துக் கொடுங்கள். பெரும்பாலான இடங்களில் மதிய ஷிஃப்ட் யாருக்கும் பிடிக்காது, சாயங்காலம் பிள்ளைகளோடு இருக்க முடியாதே. உங்கள் லைனில் காலை ஷிஃப்ட்டை விரும்புகிற டெக்னீஷியன் ஒருவராவது இருப்பார், அவரிடம் பேசி அவர் சம்மதத்தை ஒரு வரி எழுதி வாங்கி இணைத்தால் "லைன் ஓடாது" என்ற காரணம் செல்லாது. ஆறு மாதம் பரீட்சார்த்தமாக வைத்துப் பார்க்கலாம் என்றும் ஒரு வரி சேருங்கள். கேட்கிறவருக்கு இறங்கி வர ஒரு படி வேண்டும். எச்.ஆருக்கு ஈமெயிலிலும் அனுப்புங்கள், நேரிலும் கொடுத்து நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள்.

நைட் ஷிஃப்ட் முடிந்து காலை 7 மணிக்குப் பினாங்குப் பாலம் ஏறி வந்து, தூங்காமல் 11 மணி வரை உட்கார்ந்திருந்து, அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு ஓட்டுகிற வாரங்களும் உங்களுக்கு இருக்கும்தானே? அதையும் எழுதுங்கள். மறுநாள் உயர் மின்னழுத்த மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிறவரின் தூக்கம் கம்பெனியின் பாதுகாப்பு விஷயமும்தான்.

இதற்கு நடுவில் அவர்கள் உங்களை நிறுத்திவிட்டாலோ, கையெழுத்துப் போடாவிட்டால் நிறுத்துவோம் என்று மிரட்டிப் போட வைத்தாலோ, 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவில் நியாயமில்லாத வேலை நீக்கம் என்று தொழில் உறவு இலாகாவில் முறையிடலாம். வேலை போன நாளிலிருந்து 60 நாள்தான் கெடு, 61ஆம் நாள் போனால் கதவு மூடிவிடும். விண்ணப்பத்துக்குப் பதில் தர முதலாளிக்குள்ள 60 நாள் வேறு, இது வேறு, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு நாளைக் கோட்டை விட்டவர்கள் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள். சமரசம் ஆகாவிட்டால் வழக்கு தொழிலியல் நீதிமன்றத்துக்குப் போகும், அங்கே திரும்ப வேலையில் சேர்க்கச் சொல்லவோ, நிரந்தர ஊழியருக்கு 24 மாதம் வரை பின்சம்பளம் கொடுக்கச் சொல்லவோ முடியும். கட்டாயப்படுத்தி வாங்கிய ராஜினாமாவை நீக்கமாகவே அந்த நீதிமன்றம் பார்த்திருக்கிறது, ஆனால் கட்டாயம்தான் என்று நிரூபிக்கிற சுமை உங்கள் தலையில் விழும். போடாத கையெழுத்துக்கு நிரூபணம் தேவையில்லை. வேலையில் இருந்துகொண்டே பாகுபாடு என்று புகார் செய்வதானால் அது வேறு அலுவலகம், நான் சொன்ன தொழிலாளர் இலாகா, பலகையில் ஜாபாத்தான் தெனாகா கெர்ஜா என்று போட்டிருக்கும். உங்கள் கம்பெனியில் தொழிற்சங்கம் இருந்தால் திங்கட்கிழமைக்கு முன்னாலேயே அவர்கள் காதில் போட்டுவிடுங்கள்.

காசு பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அம்மாவின் சிகிச்சைக்கும் பராமரிப்புக்கும் ஆகிற செலவில் 8,000 ரிங்கிட் வரை வருமான வரியில் கழிவு உண்டு, ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஈ.பி.எஃப். சேமிப்பிலிருந்து பெற்றோரின் கடுமையான நோய்க்குப் பணம் எடுக்கவும் வழி இருக்கிறது, ஆனால் அது உங்கள் முதுமைக்கான காசு, கடைசியாகத் தொடுங்கள். எச்.ஆருக்கும் ஒரு செய்தி: நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் ஊழியருக்குக் கூடுதலாகச் சம்பளத்தோடு விடுப்புக் கொடுக்கிற கம்பெனிகளுக்கு வரிச் சலுகை தருவதாக 2025 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அதையும் விண்ணப்பத்தின் கடைசியில் ஒரு வரி மரியாதையாக எழுதி வையுங்கள், பல எச்.ஆர்.களுக்கு இது தெரிந்திருக்காது.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டீர்களா? கடிதத்தில் அவரைப் பற்றி ஒரே வரிதான் இருக்கிறது, மேனேஜர் கேட்டதை அவரிடம் மறைத்திருப்பீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். சொல்லுங்கள். திங்கட்கிழமை கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு வந்தால் அன்றைக்கு இரவு உங்களுக்குப் பயம் வரும், அப்போது பக்கத்தில் விஷயம் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை அம்மாவைக் கூட்டிவரப் போகும்போது பத்து நிமிடம் முன்னதாகப் போய் சென்டரில் அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள். சனி, ஞாயிறில் விண்ணப்பத்தை எழுதுங்கள், முடிந்தால் எனக்கு ஒரு பார்வைக்கு அனுப்புங்கள், மலாயில் திருத்தித் தருகிறேன். திங்கட்கிழமை அவர்கள் தங்கள் தாளை நீட்டும்போது உங்கள் கையிலும் ஒரு தாள் இருக்கட்டும். முத்திரை விழுந்த தேதியை எனக்கு எழுதுங்கள் தம்பி, அன்றிலிருந்து 60 நாளை நானும் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்கிறேன்.